தோளில் அடிபட்ட பிறகு கிளைடர் வீசுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, ரிமோட்டில் ஓட்டும் என் சின்னக் கிளைடரை நாற்பது முறைக்கு மேல் கையால் வீசிய பிறகு, வலது தோளில் சுருக்கென்று ஏதோ பிடித்தது. அதோடு நிறுத்தாமல் இன்னும் ஏழெட்டு முறை வீசினேன். தசைநாரில் பாதிக் கிழிசல் என்று ஸ்கேனில் வந்தது. எட்டு மாதம் கிளைடரைக் கையில் எடுக்கவில்லை. திரும்பி வந்ததிலிருந்து கோவையில் எங்கள் களத்துக்கு வருகிறவர்களும், வெளியூரிலிருந்து போனில் கூப்பிடுகிறவர்களும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. என் எலும்பு மருத்துவரும் பிசியோதெரபிஸ்ட்டும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்ததும், களத்தில் நானே பட்டுத் தெரிந்துகொண்டதும்தான் இதில் இருக்கிறது.

டிஎல்ஜி, டிஎல்ஜி என்கிறீர்களே, அது என்ன? அதில் தோளுக்கு என்ன வேலை?

டிஸ்கஸ் லாஞ்ச் கிளைடர் என்பதன் சுருக்கம். மோட்டார் இல்லாத ரேடியோ கிளைடர் அது. இறக்கை நுனியில் சின்னதாக ஒரு முளை இருக்கும். இரண்டு விரல்களால் அதைப் பிடித்து, வட்டு எறிகிறவர் மாதிரி ஒரு சுற்று சுற்றி விடவேண்டும். கிளைடர் சீறிக்கொண்டு செங்குத்தாக ஏறும். தேர்ந்தவர்கள் வீசினால் 60 மீட்டரைத் தாண்டும். அந்த உயரத்தில் மேலெழும் வெப்பக் காற்றைத் தேடிப் பிடித்து மிதக்கவிடுவதுதான் ஆட்டம். சர்வதேச வான் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்ஏஐயில் இந்தப் பிரிவுக்கு எஃப்3கே என்று பெயர். இறக்கை நீளம் 1.5 மீட்டருக்குள், எடை 600 கிராமுக்குள் இருக்கவேண்டும். நடைமுறையில் எல்லோருடையதும் 250 கிராமை ஒட்டித்தான் இருக்கும். இதன் முதல் உலகப் போட்டி 2011இல் ஸ்வீடனில் உள்ள ஆர்போகாவில் நடந்தது.

1990களின் கடைசி வரைக்கும் கைவீச்சு கிளைடர்களை ஈட்டி எறிவதுபோலத் தலைக்கு மேலாகத்தான் எறிந்தார்கள். தோளையும் முழங்கையையும் அது படுத்திய பாடு கொஞ்சமல்ல. வட்டு வீச்சு வந்ததும் உயரம் வெகுவாகக் கூடியது, கை தலைக்கு மேல் போகவேண்டிய தேவையும் போய்விட்டது. அதனால் தோளுக்கு இனி ஆபத்தே இல்லை என்று பலர் நினைத்துவிட்டார்கள்.

250 கிராம்தானே? ஒரு செல்போன் எடை. இது தோளைக் கிழிக்குமா?

கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். காற்றுத் தடையே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், 60 மீட்டர் ஏறவேண்டுமென்றால் கையை விட்டுப் போகும்போது நொடிக்கு 34 மீட்டர் வேகம் வேண்டும். மணிக்கு 120 கிலோமீட்டருக்கு மேல். உடலின் நடுவிலிருந்து கிளைடரின் எடை மையம் வரைக்கும் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் தூரம். அந்த வட்டத்தில் அந்த வேகத்தில் 250 கிராம் சுற்றும்போது கையை வெளிப்பக்கமாக இழுக்கும் விசை 20 கிலோ எடைக்குச் சமம். வீட்டுக்குப் போடும் 20 லிட்டர் தண்ணீர் கேனை ஒரே கையில் தொங்கவிட்டால் எப்படி இழுக்குமோ அப்படி. உண்மையில் காற்றுத் தடையும் சேர்வதால் இழுவை இன்னும் கூடும்.

இந்தக் கணக்கில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. இழுவை உயரத்தோடு நேர் விகிதத்தில் ஏறி இறங்கும். 40 மீட்டரோடு நிறுத்திக்கொண்டால் 20 கிலோ 13 கிலோவாகிவிடும். எடைக்கும் இதே விகிதம்தான். காற்று பலமாக அடிக்கும் நாளில் 80 கிராம் ஈயக்கட்டியை உள்ளே செருகி அதே உயரத்துக்கு வீசினால், மூன்றில் ஒரு பங்கு இழுவையைக் கூடுதலாகத் தோளில் ஏற்றுகிறீர்கள். கீழே வரும் பல பதில்களுக்கு இந்தத் தண்ணீர் கேன் கணக்குதான் அடிப்படை.

தோளுக்குள் கிழிவது எது? எலும்பா, சதையா?

பெரும்பாலும் தசைநார். தோள் மூட்டை அகல் விளக்கின் மேல் எலுமிச்சம்பழத்தை வைத்த மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். பழம் பெரிது, அகல் ஆழமில்லாதது. அதனால்தான் கை எல்லாப் பக்கமும் சுழல்கிறது, அதனால்தான் எளிதில் நழுவவும் செய்கிறது. பழத்தை அகலோடு சேர்த்துப் பிடித்து வைத்திருப்பவை நான்கு சிறிய தசைகளும் அவற்றின் நார்களும். ரோட்டேட்டர் கஃப் என்று மருத்துவர் சொல்வது இவற்றைத்தான். அகலின் விளிம்பைச் சுற்றி ஒரு குருத்தெலும்பு வளையமும் உண்டு. வீசுகிறவர்களுக்கு அதுவும் கிழியலாம்.

வீச்சின்போது கை வெளியே பிடுங்கிக்கொண்டு போகாமல் தடுப்பதும், விட்ட பிறகு கையை நிறுத்துவதும் இந்தச் சின்னத் தசைகளின் வேலை. ஜிம்மில் வளர்த்த பெரிய தோள் தசை இதற்கு ஈடாகாது. நல்ல உடற்கட்டுள்ள இளைஞர்கள்கூட இதில் மாட்டிக்கொள்வது இதனால்தான்.

எந்த வலிக்கு ஓய்வு போதும், எந்த வலிக்கு டாக்டரிடம் போகணும்?

நிறைய வீசியதற்கு மறுநாள் தோளைச் சுற்றிப் பரவலாக ஒரு சோர்வு வலி இருந்து, இரண்டு மூன்று நாளில் போய்விட்டால் அது தசை அலுப்பு. ஓய்வு போதும். அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் தூக்கம் கலையும் அளவுக்கு வலிக்கிறதா, சட்டை போடக் கையைப் பின்னால் கொண்டுபோக முடியவில்லையா, பக்கவாட்டில் கையைத் தூக்கும்போது பாதி வழியில் சுள்ளென்று குத்துகிறதா, இரண்டு வாரம் ஆகியும் குறையவில்லையா, எலும்பு மருத்துவரைப் பாருங்கள். எனக்கு முதல் அறிகுறி இரவு வலிதான். மூன்று வாரம் தலையணையை மாற்றி மாற்றிப் படுத்துக் காலத்தை வீணாக்கினேன்.

அன்றைக்கே போகவேண்டியவை வேறு. மூட்டு நழுவி தோளின் உருவமே மாறிவிட்டது, 'டப்'பென்ற சத்தத்துக்குப் பிறகு கை மேலே எழவே இல்லை, கை மரத்துப்போகிறது, வலியோடு காய்ச்சல் வருகிறது. இன்னொன்று, வீசாத நேரத்தில் இடது தோளில் வலி வந்து, கூடவே நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் இருந்தால் அதைத் தோள் வலி என்று நினைக்கவே கூடாது. இதயத்துக்காக உடனே அவசரப் பிரிவுக்குப் போகவேண்டும்.

எங்க ஊர்ல புத்தூர் கட்டு போட்டா சரியாயிடும்னு சொல்றாங்க. சுளுக்கு எடுக்கிறவரிடம் உருவி விட்டாலும் போதுமாமே?

இப்படிக் கேட்பவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. என் வீட்டிலும் இதைத்தான் முதலில் சொன்னார்கள். கட்டு என்பது உடைந்த எலும்பை அசையாமல் வைப்பதற்கு. நார் கிழிந்த தோளை வாரக்கணக்கில் அசையாமல் கட்டிவைத்தால் நார் கூடுவதைவிட மூட்டு இறுகிப்போகத்தான் வாய்ப்பு அதிகம். அந்த இறுக்கத்தை எடுக்க அப்புறம் மாதக்கணக்கில் பாடுபடவேண்டும். உருவி விடுவதில் அதைவிடப் பெரிய ஆபத்து, நழுவிய மூட்டை இழுத்துப் போடுவது. கூடவே எலும்பும் உடைந்திருந்தாலோ நரம்பு மாட்டியிருந்தாலோ வெளியிலிருந்து தொட்டுப் பார்த்துத் தெரியாது. படம் எடுக்காமல் இழுக்க யாரையும் விடாதீர்கள். தைலம் தேய்த்து ஒத்தடம் கொடுப்பது இதமாக இருக்கும், கொடுக்கலாம். அது கிழிசலை ஒட்டவைக்காது.

எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்கிறார்கள். அப்புறம் ஏன் வலிக்கிறது?

எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், நார் தெரியாது. நாரைப் பார்க்க அல்ட்ராசவுண்ட் அல்லது எம்ஆர்ஐ வேண்டும். எல்லோருக்கும் எடுத்த எடுப்பில் எம்ஆர்ஐ தேவையில்லை. கையைப் பல கோணங்களில் தூக்கவும் தள்ளவும் சொல்லிப் பார்த்தே அனுபவமுள்ள மருத்துவர் பாதி கண்டுபிடித்துவிடுவார். அவரிடம் 'கிளைடர் பறக்கவிடுகிறேன்' என்று மட்டும் சொன்னால் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பதாக நினைத்துக்கொள்வார். வீசும் வீடியோவைக் காட்டுங்கள். என் மருத்துவர் அதைப் பார்த்த பிறகுதான் கேள்விகளையே மாற்றினார்.

ஆபரேஷன் கட்டாயம் செய்யணுமா?

பாதிக் கிழிசல் என்றால் பெரும்பாலும் முதலில் பிசியோதெரபிதான். மூன்று மாதம் ஒழுங்காகச் செய்து பார்த்துவிட்டு முடிவெடுப்பார்கள். நான் அறுவை இல்லாமலே தேறினேன். ஆனால் அதுவரை நன்றாக இருந்த தோள் ஒரே வீச்சில் முழுதாகக் கிழிந்திருந்தால் தள்ளிப்போடாதீர்கள். நாட்கள் போகப் போக நார் உள்ளே சுருங்கும், தசை மெலியும், தைப்பது கடினமாகும். நாரைத் தைத்திருந்தால் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் கையைத் தொட்டிலில் தொங்கவிட்டிருக்க வேண்டும். நார் எலும்போடு ஒட்டவே மூன்று மாதம் அளவு ஆகும். அதற்கு மேல்தான் பலப் பயிற்சி. வீசுவதைப் பற்றி ஆறு மாதத்துக்கு முன் பேசவே வேண்டாம்.

எனக்கு சுகர் உண்டு, 52 வயது. கை மேலேயே போகமாட்டேன் என்கிறது. வீசியதால்தான் வந்ததா?

வீசியதால்தான் என்று சொல்லமுடியாது. மூட்டைச் சுற்றிய உறை தடித்து இறுகும் 'ஃப்ரோஸன் ஷோல்டர்' நாற்பதிலிருந்து அறுபது வயதுக்குள் அதிகம் வருகிறது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இன்னும் அதிகம். இதை எப்படி அடையாளம் காண்பது? நீங்களாகத் தூக்கினாலும் கை போகாது, இன்னொருவர் தூக்கிவிட்டாலும் போகாது. கிழிசலில் பொதுவாக இன்னொருவர் தூக்கினால் போகும்.

முதலில் வலி, பிறகு இறுக்கம், பிறகு மெல்ல மெல்லத் தளர்வு என்று மூன்று கட்டமாக ஒன்றிலிருந்து மூன்று ஆண்டு வரை இழுக்கலாம். வலிக் கட்டத்தில் வலுக்கட்டாயமாக வீசிப் பார்ப்பது எரிகிற இடத்தில் எண்ணெய் ஊற்றுவது. சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்து, பிசியோ சொல்லும் அளவுக்கு அசைத்துக்கொண்டிருங்கள். அந்தக் காலத்தில் களத்தில் என்ன செய்யலாம் என்பதைக் கீழே சொல்லியிருக்கிறேன்.

சரி, எத்தனை நாள் கழித்து மறுபடி வீசலாம்?

காலண்டரைப் பார்த்துச் சொல்லமுடியாது. தோள்தான் சொல்லும். என் பிசியோதெரபிஸ்ட் எனக்குப் போட்ட வாசல்கள் இவை. முதலில் இரவு முழுக்க வலியில்லாமல் தூங்கவேண்டும். அடுத்து, இரண்டு கையும் எல்லாத் திசையிலும் ஒரே அளவு போகவேண்டும். அடுத்து, முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து ரப்பர் பட்டையை வெளிப்பக்கமாக இழுக்கும் பலம், அடிபடாத கையின் பலத்தில் பத்தில் ஒன்பது பங்காவது இருக்கவேண்டும். இந்த மூன்றையும் தாண்டிய பிறகுதான் வீச்சு.

வீச்சிலும் படிகள் உண்டு. முதல் இரண்டு வாரம் சுற்றாமல், நின்ற இடத்தில் பத்து மீட்டருக்கு மேல் போகாத மெல்லிய தள்ளல் மட்டும். பிறகு அரைச் சுற்று. பிறகு முழுச் சுற்று, ஆனால் பாதி பலம். வீசிய அன்றைக்கு வலி இல்லாவிட்டால் மட்டும் போதாது, மறுநாள் காலையிலும் வலி இருக்கக்கூடாது. இருந்தால் ஒரு படி கீழே இறங்கவேண்டும். நான் மூன்று முறை இறங்கினேன். எட்டு மாதம் ஆனது அதனால்தான். அதற்காக வருத்தப்படவில்லை.

வீசும் முறையில் எதை மாற்றணும்?

கவண் வீசுகிறவரைப் பாருங்கள். கயிறு எதையும் தள்ளுவதில்லை, இழுவையைத் தாங்குகிறது, அவ்வளவுதான். வேகம் உடலிலிருந்து வருகிறது. உங்கள் கை அந்தக் கயிறு. நான் அடிபட்ட காலத்து வீடியோவில், உடல் திரும்பி முடித்த பிறகு கை மட்டும் பின்தங்கி, கடைசி நொடியில் தோளால் கிளைடரை இழுத்து அடிப்பது தெளிவாகத் தெரிகிறது. எல்லா இழுவையும் அந்தச் சின்ன நார்கள் மேல் விழுந்த நொடி அது.

இப்போது செய்வது இப்படி. காலில் தொடங்கி, இடுப்பு திரும்பி, நெஞ்சு திரும்பி, கை கடைசியாக வரும். கை முழுதாக நீண்டிருக்கும், ஆனால் தோளை விட்டுத் தொங்காது. தோள்பட்டை எலும்பைப் பின்னுக்கும் கீழுக்கும் இழுத்து அமர்த்தியிருப்பேன். கை தோள் உயரத்துக்குச் சற்றுக் கீழே ஓடும். விட்ட பிறகு கையைச் சட்டென்று நிறுத்தமாட்டேன். உடலோடு இன்னும் அரைச் சுற்று ஓடவிடுவேன். பலர் கவனிக்காதது இதுதான். கிளைடரை விடும் வரை எப்படி வீசுவது என்றே பேசுகிறோம். விட்ட பிறகு நிறுத்தும்போதுதான் தோளின் பின்பக்கத் தசை கதறுகிறது.

இடுப்பும் நடுமுதுகும் திரும்பாவிட்டால் அந்தக் குறையைத் தோள்தான் ஈடுகட்டும். நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருப்பவர்கள் தோளுக்குப் பயிற்சி செய்யும் முன் முதுகைத் திருப்பும் பயிற்சியைத் தொடங்குங்கள். களத்தில் முதல் வீச்சுக்கு முன் பத்து நிமிடம் உடலைச் சூடேற்றுங்கள். விடியற்காலையில் குளிர்ந்த உடம்போடு எடுத்தவுடன் முழு பலத்தில் வீசுவதை எங்கள் களத்தில் இப்போது யாருமே செய்வதில்லை.

ஒரு நாளைக்கு எத்தனை வீச்சு வைத்துக்கொள்வது?

கிரிக்கெட்டில் வேகப்பந்து வீச்சாளருக்கு ஓவர் எண்ணுவதுபோல எண்ணுங்கள். நான் முழு பலத்தில் 15, மொத்தம் 30 என்று வைத்திருக்கிறேன். வாரத்தில் இரண்டு நாள், அதுவும் அடுத்தடுத்த நாட்களில் இல்லை. இது என் தோளுக்கான அளவு. உங்களுடையது வேறாக இருக்கலாம். ஆனால் ஏதோ ஓர் எண் இருக்கவேண்டும், அது களத்துக்கு வருமுன்பே முடிவாகியிருக்க வேண்டும். களத்தில் நின்றுகொண்டு முடிவெடுத்தால் 'இன்னும் ஒன்று' என்றுதான் மனம் சொல்லும். என் தோள் கிழிந்தது அப்படித்தான்.

உயரம் குறைந்தால் போட்டியில் தோற்றுவிடுவேனே?

எல்லோருடைய உள்மனதிலும் இருக்கும் கேள்வி இது. நேர்மையாகச் சொல்கிறேன். அசைவே இல்லாத காற்றில் 20 மீட்டர் குறைந்தால் ஏறத்தாழ ஒரு நிமிடப் பறப்பு போய்விடும். காலை ஏழு மணிக்குப் போட்டி தொடங்கி, பணி, அதாவது அந்தச் சுற்றில் பறந்து காட்டவேண்டிய கணக்கு, ஐந்து முறை இரண்டு நிமிடம் என்றால், 40 மீட்டர் வீசுகிறவருக்குக் கடினம்தான். ஆனால் நம் ஊரில் ஒன்பது மணிக்கு மேல் காற்று எங்கே அசையாமல் இருக்கிறது?

வெயில் ஏறினால் செம்மண் காடும் தார்ச்சாலையும் தென்னந்தோப்பை விட வேகமாகச் சூடாகும். அவை சேரும் விளிம்பில் காற்றுக் குமிழி கிளம்பும். குமிழி மேலே போகும்போது சுற்றியுள்ள காற்றை உறிஞ்சும். அதனால் அதுவரை முகத்தில் அடித்த மென்காற்று சட்டென்று நின்றுபோகும், அல்லது பிடரிப் பக்கமிருந்து வரும். பிடரியில் காற்றுப் பட்டால் எதிரே ஏதோ எழுகிறது என்று பொருள். தும்பிகளும் தகைவிலான் குருவிகளும் ஓரிடத்தில் கூடிச் சுற்றினால் பூச்சிகளைக் காற்று மேலே தூக்கிக்கொண்டிருக்கிறது. இறக்கையை அடிக்காமல் வட்டமிடும் பருந்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 60 மீட்டர் வீசிய காலத்தில் இவை எதையும் நான் பார்த்ததில்லை. பார்க்கவேண்டிய தேவை இருந்ததில்லை. வீசிவிட்டு மேலே போய்த் தேடினேன். இப்போது தரையிலேயே தேடிவிட்டு வீசுகிறேன்.

பணிகளையும் புரிந்துகொள்ளுங்கள். கடைசிப் பறப்பு மட்டும் கணக்கில் வரும் பணியில் நல்ல காற்று வரும்வரை காத்திருக்கலாம். எல்லோரும் ஒரே நேரத்தில் வீசவேண்டிய பணியில், மற்றவர் கிளைடர்கள் எங்கே ஏறுகின்றன என்பது உங்களுக்கு இலவசத் தகவல். போக்கர் என்ற பணியில் இலக்கு நேரத்தை வீசுகிறவரே அறிவிக்கவேண்டும். தன் தோளையும் காற்றையும் சரியாக எடைபோடத் தெரிந்தவருக்கு அது வரப்பிரசாதம். எடை குறைந்த கிளைடருக்கு மாறுவதையும் யோசியுங்கள். தண்ணீர் கேன் கணக்கில் ஒவ்வொரு பத்து கிராமுக்கும் விலை உண்டு, லேசான கிளைடர் மெல்லிய காற்றிலும் மிதக்கும்.

இடது கையால் வீசப் பழகலாமா?

பழகலாம். வலது கையால் வீசுகிறவர் இடது இறக்கை நுனியைப் பிடிக்கிறார். கை மாறினால் முளையும் வலது இறக்கைக்கு மாறவேண்டும், அந்த நுனியை கார்பன் இழை வைத்து வலுப்படுத்தவேண்டும். வீசும்போது வால் துடுப்புக்கு வைத்திருக்கும் அமைப்பும் எதிர்த்திசைக்கு மாறும். ரிமோட்டை வலது கையில் பிடித்துக்கொண்டு வீசவேண்டியிருப்பதால் சில வாரம் தடுமாற்றம் இருக்கும். ஆளில்லாத திடலில் பழகுங்கள். ஒரு தோளைக் கெடுத்த அதே முறையில் இன்னொரு தோளையும் கெடுத்துக்கொள்ளாதீர்கள். வீசும் முறையைப் பற்றி மேலே சொன்னதை முதலில் திருத்திவிட்டுக் கை மாற்றுங்கள்.

எனக்குப் பதிலாக நண்பர் வீசினால் செல்லுமா?

எஃப்3கே விதிப்படி வீசுவதும் இறக்குவதும் போட்டியாளரே செய்யவேண்டும். மாற்றுத்திறனாளிகள் மட்டும் வீசவும் பிடிக்கவும் உதவி கேட்கலாம். தற்காலிகக் காயத்தை அதில் சேர்ப்பார்களா என்பதைப் பெயர் கொடுக்கும்போதே போட்டி இயக்குநரிடம் கேட்டுவிடுங்கள், அன்று காலையில் போய்க் கேட்காதீர்கள்.

வீச்சே வேண்டாம் என்றால் எஃப்5ஜே இருக்கிறது. அது 4 மீட்டர் வரை இறக்கையுள்ள மின் கிளைடர். மோட்டாரை அதிகபட்சம் 30 நொடி ஓட்டலாம், எவ்வளவு உயரம் ஏறினீர்களோ அதற்கேற்ப புள்ளி குறையும். கையிலிருந்து கிளப்பிவிடும் வேலையை உதவியாளரே செய்யலாம். காற்றைப் படிக்கும் அதே வித்தைதான் அதிலும் வேண்டும்.

ஆறு மாதம் சும்மா உட்காரவா? பைத்தியம் பிடித்துவிடும்.

உட்காரவேண்டாம், களத்துக்கு வாருங்கள். ஒவ்வொரு போட்டியாளருக்கும் பக்கத்தில் நேரம் பார்க்கிறவர் ஒருவர் வேண்டும். அந்த எட்டு மாதம் நான் அந்த வேலையைத்தான் செய்தேன். கையில் ஸ்டாப்வாட்ச், கண் வானத்தில். சொந்தக் கிளைடர் மேலே இல்லாததால் முழு வானத்தையும் பார்க்க முடிந்தது. பிடரிக் காற்றைப் பற்றி மேலே சொன்னதெல்லாம் அப்போது கற்றதுதான்.

வீட்டில் செய்ய, முறுக்கிய ரப்பரால் பறக்கும் எஃப்1டி போன்ற உள்ளரங்க விமானங்களைக் கட்டிப் பாருங்கள். இறக்கை 55 சென்டிமீட்டர், ரப்பரைச் சேர்க்காமல் குறைந்தபட்ச எடை 1.4 கிராம், ரப்பர் 0.4 கிராமுக்குள். விரல் நுனியிலிருந்து நழுவவிட்டால் போதும், அரை மணி நேரம்கூட மிதக்கும். ருமேனியாவில் ஸ்லானிக் உப்புச் சுரங்கத்துக்குள் இதற்கு உலகப் போட்டிகளே நடந்திருக்கின்றன. நமக்கு மின்விசிறியை நிறுத்திய கல்லூரி உள்ளரங்கம் கிடைத்தால் போதும். தோளுக்கு வேலையே இல்லை, மனதுக்கு நிறைய வேலை.

என்சிசி விமானப் பிரிவில் கண்ட்ரோல் லைன் பறக்கவிடுகிறேன் அண்ணா. தோளில் வலி. தொடரலாமா?

தம்பி, விமானத்தைக் கம்பியில் கட்டி உன்னைச் சுற்றி வட்டமாக ஓட்டுகிறாய், அந்தக் கம்பியின் இழுவையை முதலில் தெரிந்துகொள். 1.8 கிலோ விமானம், 20 மீட்டர் கம்பி, மணிக்கு 90 கிலோமீட்டர் வேகம் என்றால் இழுவை ஆறு கிலோவை நெருங்கும். டிஎல்ஜியைவிடக் குறைவுதான், ஆனால் ஒரு நொடியில் முடிவதில்லை. ஐந்தாறு நிமிடம் விடாமல் இழுக்கும். உன் விமானம் இதைவிடச் சிறியதாக இருந்தால் இழுவையும் குறையும். கையை விறைப்பாக நீட்டாமல் முழங்கையைச் சற்று மடக்கி, உடலோடு சேர்ந்து திரும்பு. வலிக்கிற தோளோடு கைப்பிடியைப் பிடிக்காதே. நடுவில் கை தளர்ந்தால் ஆபத்து உனக்கு மட்டுமில்லை, சுற்றி நிற்பவர்களுக்கும்தான். மணிக்கட்டுப் பாதுகாப்பு வாரை ஒருநாளும் கழற்றாதே.

உன் பயிற்சியாளரிடம் சொல்லத் தயங்காதே. முகாமுக்குத் தேர்வாகமாட்டேனோ என்று மறைத்து வைத்த பையன்களைப் பார்த்திருக்கிறேன். வளர்கிற வயதில் எலும்பின் வளர்ச்சித் தட்டிலும் அடிபடலாம், அதை மருத்துவர் பார்த்தே ஆகவேண்டும்.

வீசும் தோள் நன்றாக இருக்கிறது. ரிமோட் பிடிக்கும் தோள்தான் வலிக்கிறது.

ரிமோட்டை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடித்து, தலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்பதால் கழுத்திலிருந்து வரும் வலியாக இருக்கலாம். முழங்கைகளை விலாவில் ஊன்றி, ரிமோட்டைத் தொப்புள் உயரத்துக்கு இறக்குங்கள். மற்ற பிரிவுகளில் கழுத்துப் பட்டையோ தட்டோ மாட்டிக்கொள்ளலாம். டிஎல்ஜி வீசும்போது மட்டும் பட்டை வேண்டாம், சுற்றும்போது கையில் மாட்டும். வலி முழங்கைக்குக் கீழே விரல் வரை மின்சாரம் மாதிரி ஓடினால் கழுத்தைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

வீசவே இல்லை, ஆனாலும் வலி குறையவில்லையே?

மற்ற நேரத்தில் என்ன செய்கிறீர்கள் என்று பாருங்கள். விமானம் கட்டும் பால்சா மரத்தை உப்புத்தாள் போட்டு மணிக்கணக்கில் தேய்ப்பதும் தோளுக்கு வேலைதான். மேசை உயரமாக இருந்தால் இன்னும் மோசம். கிளைடர் பெட்டியை முதுகில் மாட்டிக்கொண்டு குண்டும் குழியுமான ரோட்டில் பைக் ஓட்டுவது, பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்துத் தொங்குவது, இரவில் அதே தோளின் மேல் படுப்பது எல்லாம் சேரும். மல்லாந்து படுத்து முழங்கைக்கு அடியில் ஒரு சின்னத் தலையணை வைத்துப் பாருங்கள். எனக்குத் தூக்கம் திரும்பியது அதில்தான்.

போட்டியன்று மட்டும் மாத்திரையோ ஊசியோ போட்டுச் சமாளிக்கலாமா?

வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். 'நிறுத்து' என்று தோள் சொல்லும் ஒரே குரல் வலி. அதை அடக்கிவிட்டு 20 கிலோ இழுவையை ஏற்றினால் பாதிக் கிழிசல் முழுக் கிழிசலாவது உங்களுக்கே தெரியாது. வலி மாத்திரைகள் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடியவை, மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி சில வாரம் நிவாரணம் தரும். பிசியோதெரபி செய்ய வழிவிடுவதற்காகத்தான் அதைப் போடுகிறார்கள், வீசுவதற்காக அல்ல.

சர்வதேசப் போட்டிக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. எஃப்ஏஐ உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதிகளை ஏற்ற அமைப்பு. 2022 ஜனவரி முதல் இந்த வகை ஸ்டீராய்டு ஊசிகள் உடலில் எங்கே போட்டாலும் போட்டிக் காலத்தில் தடை. ஊசி போட்டிருந்தால் மருந்தின் பெயரும் தேதியும் உள்ள சீட்டைப் பத்திரமாக வைத்து, சிகிச்சை விலக்கு தேவையா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

இப்போது உங்கள் தோள் எப்படி இருக்கிறது? பழைய உயரம் வந்ததா?

வரவில்லை. முன்பு 60ஐத் தொட்ட இடத்தில் இப்போது ஆல்டிமீட்டர் 43, 44 காட்டுகிறது. இன்னும் ஏற்றலாம் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்கிறார். நான் அவசரப்படவில்லை. மழைக்காலம் நெருங்கும்போது ஈரக்காற்று பட்டால் தோள் லேசாக முனகும், அன்றைக்கு ஸ்டாப்வாட்ச் மட்டும் எடுத்துக்கொண்டு போவேன். போன மாதம் ஒரு காலை, 41 மீட்டர் வீச்சில் தென்னந்தோப்பு விளிம்பில் ஒரு குமிழி கிடைத்தது. இரண்டு பருந்துகளுக்குக் கீழே ஒன்பது நிமிடம் சுற்றிவிட்டு, வலது கையாலேயே பிடித்து இறக்கினேன்.